குருவிக்கு டிரிப்ஸ்

ஆறுமணிக்குருவி படம் கிடைத்துவிட்டது. காட்பாடியில், எங்கள் வீட்டுப் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கும் கறிவேப்பிலை மரத்துக்கும் நடுவில். பச்சை முதுகு, தோளில் நீலத் திட்டு, கண்ணை மறைக்கிற கறுப்புப் பட்டை, வால் அடியில் குங்குமச் சிவப்பு, எல்லாம் ஒரே படத்தில். கண் கூர்மையாக விழுந்திருக்கிறது. அலகு நுனியில் ஒரு துளி தண்ணீர் வேறு. கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் கேமரா செய்த வேலை கொஞ்சம்தான். மீதி எல்லாம் பிளம்பிங்.

தண்ணீர்த் தட்டு வைப்பது பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலூர் வெயிலுக்கு எந்தத் தட்டு வைத்தாலும் மைனா, காகம், தவிட்டுக்குருவிக் கூட்டம், அணில், ஓணான் என்று வரிசையாக வந்துவிடும். கொண்டைக்குருவி தினமும் குளிக்கும். அத்தோடு சரி. புதருக்குள்ளேயே பூச்சி பிடித்துத் திரிகிற கூச்ச சுபாவக்காரர்கள் தட்டில் அசையாமல் கிடக்கும் தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்களை வெளியே இழுப்பது சத்தம். ஒரே சீராக, நிற்காமல் விழுகிற சொட்டு. இந்த 'ஒரே சீராக' என்பதில்தான் என் உயிர் போனது.

ஆறுமணிக்குருவி மழைக்காலத்தில் வடக்கேயும் மத்திய இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே இறங்கும். நம் பக்கம் அக்டோபரில் கண்ணில் படும். விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும். மற்ற நேரத்தில் சருகைக் கிளறிக்கொண்டு தரையிலேயே இருக்கும், ஆனால் தெரியாது. அதாவது எனக்குச் சொட்டு கண்டிப்பாக விழ வேண்டிய நேரம் சாயங்காலம் ஐந்தரை. அந்த ஐந்தரைக்குத்தான் தவறாமல் சொட்டு நின்றுபோய்க்கொண்டிருந்தது.

முதலில் சாமான். குழாயில் துணி கட்டுவது, பாட்டில் மூடியில் ஊசித் துளை போடுவது எல்லாம் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. ஆஸ்பத்திரி டிரிப்ஸ் செட்தான் சரி. அதில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது, அதை உருட்டினால் சொட்டு கூடும், குறையும். வேலூரில் இது கிடைக்காமல் போகுமா? பெரியாஸ்பத்திரிப் பக்கம் போனால் பத்தடிக்கு ஒரு மெடிக்கல். கடைப் பையன், "அண்ணா, ஊசி எந்த சைஸ்? பேஷண்ட் எந்த வார்டு?" என்று கேட்டான். "குருவிக்குப்பா" என்றேன். அவன் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் அம்மா மட்டும் விடவில்லை. "இன்னாடா இது, குருவிக்கு டிரிப்ஸ் ஏத்தினு கீற? மனுஷனுக்கே இங்க தண்ணி இல்ல."

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். சாதாரண செட் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. குழந்தைகளுக்கான மைக்ரோ செட் ஒரு மில்லிக்கு 60. தண்ணீர் மிச்சமாகுமே என்று மைக்ரோவையும் போட்டுப் பார்த்தேன். சொட்டு மூன்றில் ஒரு பங்குதான், விழுந்தால் சத்தமே இல்லை. வேண்டாம். அடுத்து, குத்துகிற முனைக்குப் பக்கத்தில் காற்று போகிற சின்ன வால்வு உள்ள செட்டாகக் கேளுங்கள். வால்வு இல்லாதது நமக்கு உதவாது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நிமிடத்துக்கு 30 சொட்டு என்று வைத்தால் மணிக்கு 90 மில்லி. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு லிட்டரும் சொச்சமும். பக்கத்து வீட்டு அக்கா காரைக் கழுவுவதில் இது ஒரு மாதத்துக்கு ஓடும்.

இனி தொல்லைக்கு வருவோம். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் அடியை அறுத்துக் கவிழ்த்துத் தொங்கவிடுவதுதான் எல்லோரும் செய்வது. காலையில் 30 சொட்டு வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் அதில் பாதிகூட இருக்காது. சக்கரத்தின் மேல்தான் முதலில் சந்தேகம் வரும். அதிலும் நியாயம் உண்டு, பிளாஸ்டிக் டியூப் நசுங்கிய இடத்தில் மெல்ல மெல்ல நெகிழும், வைத்த அளவு மாறும். வைத்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஒரு முறை சரிசெய்தால் அதோடு அது அடங்கிவிடுகிறது. பெரிய காரணம் தண்ணீர் மட்டம். மேலே திறந்த பாட்டிலில் மட்டம் இறங்க இறங்க அழுத்தமும் இறங்கும். இரண்டு லிட்டர் பாட்டிலை இரண்டடி உயரத்தில் தொங்கவிட்டு, அதில் முக்கால் பங்கு தீர்ந்தால் சொட்டு தளராமல் என்ன செய்யும்?

அதற்கு மருந்து அந்த வால்வில் இருக்கிறது. பாட்டிலை அறுக்காதீர்கள். ஐந்து லிட்டர் கெட்டி எண்ணெய்க் கேனை நன்றாகக் கழுவி, மூடியில் முனையைக் குத்தி, காற்று உள்ளே போகாதபடி சுற்றிலும் எம்-சீல் பூசிக் கவிழ்த்துவிடுங்கள். மெல்லிய பாட்டில் என்றால் உள்ளே ஒடுங்கி ஒட்டிக்கொள்ளும், கெட்டிக் கேன்தான் வேண்டும். இப்போது காற்று அடியில் இருக்கிற வால்வு வழியாகத்தான் குமிழ் குமிழாக நுழைய முடியும். காற்று நுழைகிற அந்த இடத்தில் அழுத்தம் எப்போதும் வெளிக்காற்றின் அளவுதான். மேலே நாலு லிட்டர் இருந்தாலும் அரை லிட்டர் இருந்தாலும் சொட்டின் வேகம் மாறாது. மாரியட் பாட்டில் என்று பிசிக்ஸ் படித்தவர்கள் சொல்வார்கள். வார்டில் சில சமயம் பாட்டிலின் மேல்பக்கம் ஊசி குத்திக் காற்று விடுவார்கள், பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்து நீங்களும் கேனின் மேலே துளை போட்டால் கதை முடிந்தது, மறுபடி அறுத்த பாட்டில்தான்.

தொங்கவிட இடம் தேடும்போது முருங்கைக் கிளையை நம்ப வேண்டாம். கொடிக்கம்பிக்கு நட்ட இரும்புக் குழாயே போதும்.

இவ்வளவும் செய்த பிறகு சொட்டு சீராகிவிட்டது என்றுதான் நினைப்போம். இல்லை. பதினோரு மணிக்கு வெயில் ஏறினால் சொட்டு தடதடவென்று ஓடுகிறது. சாயங்காலம் ஐந்துக்கு மேல் தள்ளாடித் தள்ளாடி நின்றே போகிறது. சக்கரத்தைத் தொடவே இல்லை! இதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நோட்டும் கையுமாகக் கேனுக்கு எதிரே உட்கார வேண்டியிருந்தது. கேன் பாதி காலியானதும் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. வெயில் பட்டால் அந்தக் காற்று விரியும். மூன்று லிட்டர் காற்று பத்து டிகிரி சூடேறினால் சுமார் 100 மில்லி பெருக்கும். அந்த 100 மில்லிக்கும் போக வழி டியூப்தான். ஒரு மணி நேரச் சொட்டு மொத்தமும் கூடுதலாக வந்து விழுகிறது. சாயங்காலம் வெயில் இறங்கிக் கேன் குளிர்ந்ததும் இதே கணக்குத் தலைகீழ். காற்று சுருங்கித் தண்ணீரை மேலே பிடித்து நிறுத்துகிறது, வெளிக்காற்று குமிழாக உள்ளே போய் ஈடுகட்டும் வரை சொட்டு தடுமாறுகிறது. குருவி வருகிற நேரம் பார்த்து!

தீர்வு ரொம்பச் சின்னது. கேனுக்கு ஈரச் சாக்கு. அதைவிட முக்கியம், சாயங்காலம் நாலு மணிக்குக் கேனை வாய்வரை நிரப்பிவிடுவது. உள்ளே காற்றே இல்லை என்றால் விரிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. நான் வேலையில் இருக்கும் நேரம் என்பதால் அம்மாதான் டீ குடித்துவிட்டு நிரப்புகிறார். குருவிக்கு டிரிப்ஸ் ஏற்றுவதைக் கிண்டல் செய்தவர் இப்போது சொட்டு குறைந்தால் எனக்கு போன் போட்டுச் சொல்கிறார்.

போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் ஊர்ப் போர் தண்ணீர் உப்பு, சக்கரம் நசுக்குகிற இடத்தில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். அடைத்தால் எலுமிச்சைச் சாற்றில் ஊறவையுங்கள், விடும். நான் காவேரித் தண்ணீர் வருகிற அன்று தனியாகப் பிடித்து வைக்கிறேன். டியூபில் வெயில் பட்டால் பாசி பிடிக்கும். கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றினால் பிடிக்காது.

சத்தத்துக்கு வருகிறேன். சொட்டு நேராகத் தட்டில் விழுந்தால் 'சப்'பென்று ஈரத் துணியில் விழுந்த மாதிரி இருக்கும். எனக்கு வேண்டியது கணீரென்ற 'டொக்'. சொட்டு விழும்போது நீரின் பரப்புக்கு அடியில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்கிறது, அது அதிர்வதில்தான் அந்தச் சத்தம் பிறக்கிறது என்று 2018-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அதிவேகக் கேமரா வைத்துக் காட்டினார்கள். குமிழி மாட்ட ஆழம் வேண்டாமா? ஆனால் சின்னப் பறவை இறங்க ஆழம் இருக்கக் கூடாது, இரண்டு அங்குலம் தாண்டினால் பயப்படும். அதனால் இரண்டு பாத்திரம். சொட்டுக்கு நேர் கீழே கழுத்தளவு மண்ணில் புதைத்த ஒரு சின்னக் கலயம். அது நிரம்பி வழிவது பக்கத்தில் பரந்த மண் தட்டுக்கு. சொட்டுக்கும் கலயத்துக்கும் இடையே முக்கால் அடி உயரம். கலயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினால் நன்றாக அலசுங்கள், சோப்பு ஒட்டியிருந்தால் சத்தம் செத்துவிடுகிறது.

தட்டு வாங்கும்போது மெருகு போட்டது வேண்டாம். கரிகிரி பக்கத்து மெருகுச் சாமான்கள் அழகுதான், என் வீட்டு ஷோகேஸில் இரண்டு இருக்கின்றன. ஆனால் குருவிக்குக் கால் வழுக்கும். சொரசொரப்பான வெறும் மண் தட்டு, நடுவில் ஒரு கூழாங்கல், போதும். இரண்டு நாளைக்கு ஒரு முறை தட்டையும் கலயத்தையும் கொட்டித் தேய்த்துவிடுங்கள். கொசுப்புழு வளர்ந்து பறக்க சுமார் ஒரு வாரம் வேண்டும், அதற்கு நேரம் கொடுக்காவிட்டால் சரி. டெங்கு கொசு பார்க்க வருகிற பெண்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். மேலே டியூபைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

பூனைக்குத் தட்டைச் சுற்றிக் காகிதப்பூக் கிளைகளை வெட்டிப் பரப்பியிருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் திறந்து சருகு கொட்டிய வழி. அந்த வழியாகத்தான் ஆறுமணிக்குருவி வந்தது.

படம் பற்றி ஒரு பத்தியாவது எழுத வேண்டும் இல்லையா. சமையலறை ஜன்னலின் கொசுவலையில் லென்ஸ் அளவுக்கு ஒரு ஓட்டை, கம்பிக்கு இடையே 55-250 ஜூம் லென்ஸ். ஜன்னலிலிருந்து எடுத்தால் மேலிருந்து பார்க்கிற மாதிரி ஆகிவிடும் என்பதால் தட்டை ஒரு மண் மேட்டில் ஏற்றி வைத்திருக்கிறேன், ஓரளவு கண் மட்டம். அக்டோபர் கடைசியில் இங்கே ஐந்தேமுக்கால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். மரத்தடியில் ஐந்தரைக்கே இருட்டு. ஐஎஸ்ஓ 6400, எஃப் 5.6, ஷட்டர் 1/100 நொடி. அவ்வளவு மெதுவான ஷட்டரில் நடக்கிற பறவையை எடுக்கவே முடியாது. ஆனால் புறா மாதிரி உறிஞ்சிக் குடிக்கிறவை தவிர மற்றதெல்லாம் ஒரு வாய் அள்ளி, தலையைத் தூக்கி விழுங்கும். தூக்கிய தலை ஒரு நொடி அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் மட்டும் அமுக்குங்கள். குனியும்போது எடுத்ததெல்லாம் எனக்குக் குப்பை. நிமிர்ந்ததில்தான் கண் விழுந்திருக்கிறது.

படத்தில் இரைச்சல், அதாவது இருட்டில் எடுத்தால் வருகிற புள்ளிகள், நிறையத்தான். நீக்குகிற மென்பொருளில் போட்டால் மார்பு இறகு மெழுகு பூசியது மாதிரி ஆகிறது, அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

பின்னணிதான் இன்னும் முடியவில்லை. பக்கத்து வீட்டு மதில் கண்ணைப் பறிக்கிற நீலம். அதற்கு முன்னால் நர்சரிக்காரர்கள் போடுகிற பச்சை வலை கட்டலாம் என்று சத்துவாச்சாரியில் விசாரித்தேன், மொத்த ரோலாகத்தான் தருவேன் என்றார்கள். ஆற்காடு பக்கம் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவதாகக் கேள்வி. தட்டிலிருந்து நாலு மீட்டராவது தள்ளிக் கட்டினால்தான் வலையின் கண்ணிகள் மங்கிப் பச்சைப் பரப்பாகத் தெரியும், எனக்கு இருக்கிற இடம் மூன்று. அதற்குள் அரசவால் ஈப்பிடிப்பான் வருகிற பருவமும் வந்துவிட்டது. அது தட்டில் இறங்கிக் குளிக்காது, கிளையிலிருந்து விழுந்து விழுந்து முழுகும். அதற்குத் தட்டு போதாது. ஒரு பழைய சிமெண்ட் தொட்டி கிடக்கிறது, அதில் கல் அடுக்கி ஆழத்தைக் குறைக்க வேண்டும், மேலே உட்கார ஒரு வேப்பங்கொம்பு வேண்டும், இன்னொரு டிரிப்ஸ் செட்டும் வேண்டும். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குள் ஓடவிட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். அப்போது வீட்டிலிருந்தே பதினைந்து நிமிடம் பறவைகளை எண்ணி இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினாலும் கணக்கில் சேரும், செட்டை அதற்கு முன் ஒரு வாரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். மெடிக்கல் பையன் இந்த முறை என்ன கேட்பானோ.