குவார்ட்டர் கணக்கு

அந்தப் பையனை எச்.ஓ.டி.கிட்ட கூட்டிட்டுப் போகாதது சரிதானான்னு இன்னமும் ஓடிட்டே இருக்கு. திங்கக்கிழமை காலைல லேப்புக்குள்ள வரும்போதே சரக்கு வாடை. இதுக்கு நம்ம காலேஜ்கள்ல என்ன நடக்கும்னு தெரிஞ்சதுதான், லெட்டர், பேரன்ட்ஸ், சஸ்பென்ஷன், அப்புறம் அதே பையன் அதே பழக்கத்தோட திரும்பி வருவான், ஆனா அதுக்கப்புறம் எந்த வாத்தியார்கிட்டயும் வாயே திறக்க மாட்டான். அதனால லேப் முடிஞ்சதும் தனியா உக்கார வச்சு எவ்ளோடான்னு கேட்டேன்.

"ஒரு குவார்ட்டர்தான் சார்."

கெமிஸ்ட்ரி படிக்கிறவன்தானே, ரஃப் நோட்டை எடுக்கச் சொன்னேன். பாட்டில்ல 42.8 பர்சன்ட்னு போட்டிருக்கும், அப்போ ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லில ஆல்கஹால் 77 மில்லி, டென்சிட்டி 0.789ஆல பெருக்கினா சுமார் 60 கிராம். குடிப்பழக்கத்தைக் கணிக்க உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்கிற ஆடிட் (AUDIT) கேள்வித்தாள்ல ஒரு டிரிங்க்குன்னா 10 கிராம், ஒரே தடவைல ஆறோ அதுக்கு மேலயோ எவ்ளோ அடிக்கடி குடிக்கிறீங்கன்னு ஒரு கேள்வியே இருக்கு. "நீ கொஞ்சம்னு நினைக்கிறதே ஆறுடா"ன்னேன். நோட்டையே பார்த்துட்டு இருந்தவன், "கடைல அதைவிட சின்னது இல்லையே சார்"ன்னான். 21 வயசுக்குக் கீழ விக்கவே கூடாது, இவனுக்கு 19. 2003ல இருந்து கடையை நடத்துறதே அரசாங்கம், நான் அவனுக்கு என்ன பதில் சொல்றது? 14416ங்கிற மனநல ஹெல்ப்லைன் நம்பரைக் குடுத்து, பேசணும்னு தோணுச்சுன்னா கூப்பிடு, ஃப்ரீதான்னு அனுப்பி வச்சேன்.

அடுத்த செமஸ்டர்ல அவனா வந்தான். "இப்பல்லாம் பீர்தான் சார், கணக்கு போட்டுப் பார்த்தேன், ஸ்ட்ராங்னாலும் ஒரு பாட்டிலுக்கு 40 கிராம்தான் வருது." முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

கூட வேலை பார்க்கிற மேடம்கிட்ட சொன்னப்போ, குடிக்கிறதுக்கு அளவு சொல்லிக் குடுத்திருக்கீங்க சார்னு நேராவே சொல்லிட்டாங்க. 60 நாப்பதா குறைஞ்சது குறைஞ்சதுதானே, மிரட்டியிருந்தா இதுகூட நடந்திருக்காதுன்னு நான் வாதாடினேன், இப்பவும் அதான் என் கட்சி. ஆனா ராத்திரி படுத்தா, 40 கிராம் சரின்னு வாத்தியாரே கையெழுத்துப் போட்ட மாதிரி அவன் எடுத்துக்கிட்டானோன்னு உறுத்துது. விட்டுடுடான்னு ஒரு தடவை கூட நான் அவன்கிட்ட சொல்லல, சொல்லியிருந்தா அன்னைக்கே எழுந்து போயிருப்பான். என் பொறுப்புல இருக்கிற பசங்களோட வார்டு மீட்டிங்னா முன்னெல்லாம் அட்டெண்டன்ஸ், அரியர் கேட்டு கையெழுத்து வாங்குறதோட சரி, இப்போ தூக்கம், சனிக்கிழமை ராத்திரி எல்லாம் சேர்த்துக் கேக்கறேன், சில பசங்க பேசுறாங்க.

போன வாரம் திரும்ப வந்து, "ரூம்மேட் என்னைவிட ரொம்ப சார், அவனுக்கும் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க"ன்னான். கூட்டிட்டு வான்னு சொல்லிட்டேன். இந்தத் தடவை நோட்டை எடுக்கச் சொல்றதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல.