ஆறுமணிக்குருவி வந்த தேதி

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது என்று கேட்டதும் ஒரே ஒரு மாதத்துக்கு என்று சொல்லித்தான் வீடு பிடித்தேன். லேப்டாப்பில் செய்கிற வேலை, எங்கிருந்து செய்தால் என்ன? பண்பொழிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஓட்டு வீடு, பின்னால் வாழைத் தோட்டம், அதைத் தாண்டினால் வயல், வயலுக்கு அப்பால் திருமலைக் கோவில் குன்று, அதற்கும் பின்னால் மேகம் இறங்கிய மலை. ஆனி பிறந்த வாரம் போனவன், பங்குனி முடியும்போதுதான் வீட்டைக் காலி செய்தேன்.

அங்கே முதலில் பழக வேண்டியது காற்று. செங்கோட்டைப் பக்கம் மலைத்தொடரில் ஒரு கணவாய் இருக்கிறது. கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழையின் மிச்சம் அந்த இடைவெளி வழியாக நழுவி இந்தப் பக்கம் சாரலாக வந்து விழுகிறது. வெயிலும் தூறலும் ஒரே நேரத்தில் இருக்கும். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. தாழ்ப்பாள் போடாத கதவு ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். ஊரில் அதற்குப் பெயர் மேகாத்து, அதாவது மேல்காற்று.

அந்தக் காற்று யாரைப் பாடாய்ப்படுத்துகிறது என்பதை ஆவணியில்தான் கவனித்தேன். வயலில் கார் நெல் நின்றுகொண்டிருந்தது. வரப்போரத்துப் பனையில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கின. ஆண்தான் கட்டுகிறது. நெல் தாளின் விளிம்பை அலகால் கவ்வி, ஒரே இழுப்பில் நீளமாகக் கிழித்துக்கொண்டு பறக்கும். கூடு பாதி முடிந்து தலைகீழாகத் தொங்கும் தொப்பி மாதிரி இருக்கும்போது பெண் வந்து பார்க்கும். பிடித்தால் மீதிக் கட்டடம் எழும். பிடிக்கவில்லையென்றால் அது அப்படியே கிடக்க, பக்கத்து ஓலையில் மறுபடி முதலிலிருந்து. பனையடியில் உதிர்ந்து கிடந்த அரைக்கூடுகளைப் பார்த்தபோது, தரகர் சொன்ன ஏழு வீடுகளை நான் தட்டிக்கழித்தது ஞாபகம் வந்தது.

ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. மூன்று பனையிலும் கூடுகள் எல்லாம் ஒரே பக்கமாகவே தொங்கின. பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேட்டேன். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்கள்: “மேகாத்து எங்கிருந்து வருது? மேக்க இருந்துலா. அப்பம் கிழக்கதானய்யா கட்டும்.” பறவைகளை ஆராய்கிறவர்களும் இதையேதான் எழுதியிருக்கிறார்கள். தென்மேற்குக் காற்று அடிக்கும் இடங்களில் இந்தக் குருவி மரத்தின் கிழக்குப் பக்கத்தையே அதிகம் தேர்ந்தெடுக்கிறது. கூடு ஆடித் தொலையாமலிருக்க உள்ளே ஈர மண்ணையும் அப்பிவைக்கிறது. அந்த மண்ணில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றிக்கொள்ளும் என்பது ஊர்க்கதை. ஆச்சி அதையும் சொன்னார்கள். நான் மறுக்கப்போகவில்லை.

ஆச்சிக்குப் பிடிக்காத ஒரே பறவை மயில். எனக்கு அது வாசலிலேயே தோகை விரித்த அதிசயம். அவர்களுக்கோ நாற்றங்காலை மிதித்து விதையைக் கொத்தித் தின்னும் தொல்லை. 1963லிருந்து தேசியப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டப்படி கை வைத்தால் ஜெயில். எதிரே குன்றில் முருகன் வேறு. “சாமி வாகனம்னு கும்பிடவும் மனசு வரல, அடிக்கவும் முடியல” என்று ஆச்சி சலித்துக்கொள்வார்கள். ஊருக்குப் புதிதாக வந்து கேமராவோடு அலைகிற என்னைப் போன்றவர்கள் மயிலைப் பற்றி அதிகம் பேசாமலிருப்பதே நல்லது என்று பட்டது.

புரட்டாசிக் கடைசியில் இடியோடு ஒரு மழை. அது ஓய்ந்த சாயங்காலம் கரையான் புற்றிலிருந்து ஈசல் புகைபோலக் கிளம்பியது. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சான்கள் பாய்ந்து பாய்ந்து பிடித்தன. கீழே தவளைகள் வரிசை கட்டி நின்றன. நான் டியூப்லைட்டை அணைக்க மறந்துவிட்டேன். மறுநாள் காலை வீடு முழுக்க இறகுச் சருகு, பெருக்கப் பெருக்கப் பறந்தது. ஆச்சி வீட்டில் விளக்குக்குக் கீழே தண்ணீர்ச் சட்டி வைத்து ஈசலைப் பிடித்து, அரிசியோடு வறுத்து ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார்கள். தயங்கித்தான் வாயில் போட்டேன். அப்புறம் கிண்ணம் காலி.

ஐப்பசியில் வயலில் பிசான நடவு, அதாவது காருக்கு அடுத்த போக நெல். டிராக்டர் பின்னால் உண்ணிக்கொக்குகள் நடந்தன, கம்பிகளில் தகைவிலான்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தன. அந்த நாட்களில்தான், ஒரு விடியற்காலை, துணி துவைக்கும் கல்லுக்குக் கீழே அது கிடந்தது. முதுகு பச்சை, தோளில் பளிச்சென்ற நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு, வால் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குக் குட்டை. செத்துவிட்டது என்றே நினைத்தேன். தொட்டதும் கண்ணைத் திறந்தது.

“ஆறுமணிக்குருவில்லா” என்றார்கள் ஆச்சி. “ரொம்பத் தூரத்துல இருந்து வந்த களைப்பு. கிடக்கட்டும், பூனைய மட்டும் பாத்துக்கோ.”

உண்மையில் தூரம்தான். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவுகளில் பறந்து, குளிர்காலத்துக்குத் தெற்கே இலங்கை வரைக்கும் வருகிற பறவை. ஓலைக்கூடையைக் கவிழ்த்து மூடி, மேலே ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, அன்று இரண்டு மீட்டிங்கை ஒப்புக்கு முடித்தேன். சாயங்காலம் கூடையைத் தூக்கியதும் தத்தித் தத்தி வாழைக்குள் ஓடிவிட்டது. நாலைந்து நாள் கழித்து, மாலை ஆறு மணிவாக்கில், தோட்டத்திலிருந்து இரண்டு சுருதியில் ஒரு விசில். மறுநாள் விடிகாலையிலும் அதே விசில். அதே குருவிதானா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நான் அலாரம் வைக்கவில்லை.

தையில் பஸ் மாறி மாறி கூந்தன்குளம் போய்வந்தேன். 1994ல் பறவைகள் சரணாலயமான ஊர், முக்கியமான ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகளைப் பார்க்கத்தான் போனேன். மனதில் நின்றதோ தெருமரங்கள். வீட்டுக்கொல்லை மரத்தில் கூழைக்கடா கூடு, அடியில் எச்சம் விழாத இடமாகப் பார்த்துக் கோலம் போட்டிருந்தார்கள். இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர்.

பங்குனியில் பிசானம் அறுத்து, வயல் வெடித்துக் கிடந்தது. வேம்பு பூத்தது, குயில் நாள் முழுக்கக் கத்தியது. மூட்டை கட்டும்போதுதான் சாயங்கால விசிலைக் கேட்டுப் பல நாளாகிவிட்டது உறைத்தது. நோட்டைப் புரட்டினேன். ஐப்பசியில் வந்த தேதி இருக்கிறது, துவைகல்லுக்குக் கீழே என்று இடத்தோடு. கடைசியாகக் கூவிய நாளை எங்கேயும் குறித்து வைக்கவில்லை.

ஆச்சியிடம் கேட்டேன். “அது என்னைக்குச் சொல்லிட்டுப் போச்சு?” என்றார்கள், என் வாடகை பாக்கியை எண்ணிக்கொண்டே.