பிரார்த்தனை மண்டபத்தின் சுவர் ஏன் உதிர்கிறது

பள்ளிக்கூடம் என்றதும் எங்களில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பிரார்த்தனை மண்டபம்தான். சித்திரை வெயிலிலும் உள்ளே காலடி வைத்தால் உடம்பு குளிரும். அது கட்டினவர்களின் கணக்கு. ஒன்றரை அடித் தடிப்பான முருகைக்கல் சுவர் பகல் வெக்கையை உள்ளே விட நேரமெடுக்கும். இரண்டு பக்க விறாந்தையும் சுவரில் வெயில் படாமல் தடுக்கும். மேலே எழும் சூடான காற்று ஓட்டு இடுக்குகளால் வெளியேறிவிடும். விறாந்தையை அடைத்து வகுப்பறையாக்கினாலோ, ஓட்டை இறக்கி அஸ்பெஸ்டஸ் சீற் போட்டாலோ அந்தக் குளிர்ச்சி போய்விடும். யாழ்ப்பாணத்துப் பழைய பள்ளிக்கூடங்கள் பலவற்றில் நடந்தது இதுதான்.

இப்போது எல்லோரும் கவலைப்படுவது சுவர் உதிர்வதைப் பற்றி. இதற்குச் சீமெந்துப் பூச்சு மருந்தல்ல, பெரும்பாலும் அதுதான் நோய். முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் நிலத்து ஈரத்தை உறிஞ்சி, வெளிக்காற்றில் உலர்த்திவிடும் பொருட்கள். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே அகப்பட்டு, பூச்சு முடியும் உயரத்துக்கு மேலே ஏறும். கரையோர நிலத்தடி நீரில் உப்பும் உண்டு. அந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காகி, கல்லின் முகத்தைப் பொடியாக்கும். கையால் தட்டிப் பாருங்கள்: பொள்ளென்று சத்தம் கேட்கும் இடத்தில் பூச்சு கல்லை விட்டுவிட்டது. அதன்மேல் எமல்சன் பெயின்ற் அடிப்பது காசை மண்ணில் கொட்டுவதுதான்.

செய்யவேண்டியது மெதுவான வேலை. சீமெந்தைச் சிறு உளியால் கொத்தி எடுங்கள். இயந்திரச் சுத்தியல் கல்லையும் சேர்த்துப் பெயர்க்கும். உப்பைத் துடைப்பத்தால் உலரத் தட்டி, சுவரை மாதக்கணக்கில் காற்றாட விடவேண்டும். பிறகு நீற்றி, வடித்து, சில வாரமாவது தண்ணீருக்குக் கீழே வைத்திருந்த சுண்ணாம்பு ஒரு பங்கும், நன்னீரில் கழுவிய மணல் மூன்று பங்கும் கலந்து பூசுங்கள். கடற்கரை மணலைக் கழுவாமல் சேர்த்தால் உப்பை நாங்களே சுவருக்குள் ஏற்றியதாகும். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பூச்சு வேகமாக உலர்ந்து வெடிக்கும். ஆகவே ஒரு வாரமாவது ஈரச் சாக்குத் தொங்கவிட்டு நனைக்கவேண்டும். மேலே சுண்ணாம்பு வெள்ளை, மெல்லிசாகப் பல தடவை.

கூரையில் பனை. முற்றிய பனையின் வெளி வைரம் இரும்புபோல, உள்ளே உள்ள மென்மையான சோற்றியோ கறையானுக்கு விருந்து. கூரையைத் தாங்கும் தீராந்தியின் நடுப்பகுதி பார்வைக்கு நன்றாக இருக்கும். சுவருக்குள் புதைந்த நுனிதான் முதலில் உக்கும். கூரான உளியால் அந்த நுனியைக் குத்திப் பார்க்காமல் கூரையே கெட்டது என்று யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. கெட்ட துண்டை மட்டும் வெட்டி, அதே வைர மரத்தை ஒட்டுப்போடலாம். துளையிடாமல் ஆணி அடித்தால் பனை பிளக்கும். நுனியைச் சுற்றிக் காற்றோட இடைவெளி விடுங்கள், சீமெந்தால் இறுக்காதீர்கள். ஓடுகளைக் கவனமாக இறக்கி அடியில் உள்ள முத்திரையைப் படம் எடுங்கள். பாசல் மிசன் என்ற கிறிஸ்தவ மிசன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகே இந்த மங்களூர் வகை ஓடு பரவியது. முத்திரை கூரையின் காலத்தைச் சொல்லும். சுவர் அதற்கும் மூத்ததாக இருக்கலாம்.

சட்டமும் உண்டு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியதையே புராதன நினைவுச்சின்னமாகக் கொள்கிறது. எங்கள் மண்டபம் அதற்குப் பிந்தியது. ஆனாலும் நூறு வருடம் கடந்த கட்டடத்தை வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அமைச்சர் அறிவிக்கலாம். அறிவித்தபின் திருத்தமோ சேர்க்கையோ செய்யத் தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதனால் சிலர் பயப்படுகிறார்கள். அந்தக் கட்டுப்பாடு இல்லாததால்தான் இவ்வளவு பழைய கட்டடங்களும் இடிபட்டன என்பது என் எண்ணம். அந்த அறிவிப்புக்கு விண்ணப்பிக்க முன் காணி யார் பெயரில் என்று பாருங்கள்: அரச நிதி உதவிபெற்ற பாடசாலைகள் 1960-61 சட்டங்களால் அரசின் கைக்குப் போனவை, சில தனியாராகவே நின்றவை. காணி உறுதி, பழைய படங்கள், 1:50 அளவில் வரைபடம் மூன்றும் கையில் இருக்கட்டும்.

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் வெளிநாட்டுக் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கொடுத்தவர் பெயர்ப்பலகை வைக்கும் புது மாடிக்குக் காசு சேர்வது லேசு, கூரை மழைநீர் வடியும் பீலியைத் துப்புரவாக்கச் சேராது. ஆனால் மண்டபத்தைக் காப்பது பீலிதான். வருடாவருடம் ஐப்பசி மழைக்கு முன் பீலியில் இருக்கும் சருகை அள்ளி, நகர்ந்த ஓட்டைச் சரிசெய்து, சுவர் வெடிப்பில் முளைத்த ஆலங்கன்றை வேரோடு எடுத்து, அடிச்சுவரோடு குவிந்த மண்ணை விலக்குவதற்கு ஒரு நிரந்தர நிதி ஒதுக்குங்கள்.