ருஸ்கோனியின் ஓட்டை: நாலு உருண்டை போச்சு, ஐந்தாவது நின்றது

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு அடுப்பைத் திறந்தேன். ஐந்தாவது உருண்டை விரிசல் விடாமல் வெளியே வந்தது. மூன்று வாரம், தவளைக் கருவில் வருகிற ஒரே ஒரு ஓட்டைக்காக.

தவளைக் கரு வரிசையைப் பாலிமர் களிமண்ணில் செய்துகொண்டிருக்கிறேன். மொத்தம் பன்னிரண்டு உருண்டைகள், ஒவ்வொன்றும் 4 செ.மீ. நிஜ முட்டை ஒன்றரை, ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர் இருக்கும். அதனால் இது கிட்டத்தட்ட 25 மடங்கு. வரிசைக்கு வழிகாட்டி மவுரோ ருஸ்கோனி. 1776இல் பாவியாவில் பிறந்த இத்தாலிய மருத்துவர், 1849இல் இறந்தார். (ஊர்ப் பெயரே அதுதான், நான் யாரையும் திட்டவில்லை.) மிலானுக்குத் தெற்கே, டிசினோ ஆற்றங்கரையில், நெல்வயல்கள் சூழ்ந்த ஊர். வயல் இருந்தால் தவளைக்குப் பஞ்சமா? அந்தப் பக்கத்தில் தவளையைச் சோற்றோடு சேர்த்துச் சமைத்தே சாப்பிடுகிறார்கள். தவளைக்குப் பட்டுத்துணியில் கால்சட்டை தைத்துப் போட்டுக் கருவுறுதலைச் சோதித்த ஸ்பல்லன்சானி என்ற ஆய்வாளரும் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான் பாடம் நடத்தினார். ருஸ்கோனி வளர்ந்த காலமும் அதுவே.

முட்டை செல்களாகப் பிரிகிற முதல் இரண்டு பிளவுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மேலிருந்து கீழாக ஒரு கோடு, அதற்குக் குறுக்கே இன்னொரு கோடு. மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அந்தக் கிடைக்கோடு நடுவில் வராது, முட்டையின் மேல்பக்கக் கருப்பு முனையை ஒட்டி ஏறி நிற்கும். மேலே நாலு சின்னது, கீழே மஞ்சள் கருவைச் சுமந்த நாலு பெரியது. கடையில் பாடத்துக்கென்று விற்கிற மாதிரிகளில் எட்டும் ஒரே அளவில், உரித்த சாத்துக்குடி போல இருக்கும். பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

இந்தக் கோடுகளைப் பற்றி ஜெனீவாவிலிருந்து பிரவோ, டூமா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1824இல் எழுதினார்கள். இரண்டே வருடத்தில், 1826இல், ருஸ்கோனி தவளையின் வளர்ச்சியைத் தனிப் புத்தகமாகவே மிலானில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டுவிட்டார். அப்போது உயிர்கள் எல்லாம் செல்களால் ஆனவை என்ற செல் கொள்கையே கிடையாது. அது வர இன்னும் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் இருந்தது. என்ன பிரிகிறது என்று சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லாமல், கோதுமை மணியைவிடச் சின்ன ஒரு உருண்டையை மணிக்கணக்காகப் பார்த்துப் படமாக்கியிருக்கிறார். நான் 25 மடங்கு பெரிதாக்கிக்கொண்டே திணறுகிறேன்.

சரி, ஓட்டைக்கு வருகிறேன். அமெரிக்கச் சிறுத்தைத் தவளை முட்டையை 18 டிகிரியில் வைத்தால் முதல் பிளவு மூன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். ஏறக்குறைய 26 மணி நேரத்தில் நடுக்கோட்டுக்குக் கீழே பிறை போல ஒரு கீறல் தெரியும். பிறை லாடமாகும், லாடம் வளையமாகும். 42 மணி நேரம் வாக்கில் கருப்பு உருண்டையின் கீழ்ப்பக்கத்தில் மஞ்சள் கருவைச் சுமந்த பகுதி வெள்ளையாக ஒரு அடைப்பு போல மட்டும் மிஞ்சியிருக்கும். அந்த வளையத்துக்குத்தான் அந்தக் காலத்து நூல்களில் 'ருஸ்கோனியின் குதம்' என்று பெயர். கருத்துளை என்ற பொருளில் கௌரவமான சொல் பின்னால்தான் வந்தது. பெயரில் தப்பும் இல்லை. தவளைக்கு அந்த இடத்தில்தான் பிறகு ஆசனவாய் அமைகிறது, வாய் எதிர்ப்பக்கத்தில் தனியாகத் திறக்கும். ஒரு மனிதர் ஆயுள் முழுக்க உழைத்து, கடைசியில் அவர் பெயர் எதன்மேல் போய் ஒட்டியிருக்கிறது பாருங்கள். அப்படியே பெயர்ச்சீட்டு எழுதி மேசையில் வைத்திருந்தேன், மாமியார் படித்துவிட்டார். அதற்கப்புறம் வீட்டில் யாரும் என்ன செய்கிறாய் என்று கேட்பதில்லை.

முதல் மூன்று உருண்டைகளிலும் ஒரே தப்பைத்தான் செய்தேன். கரும்பழுப்பு உருண்டையில் குழி பறித்து, வெளியிலிருந்து வெள்ளைக் களிமண்ணைப் பொட்டு வைப்பது போல அமுக்கினேன். முதலாவது கண் விழி மாதிரி வந்தது. இரண்டாவதில் உள்ளே காற்று மாட்டி, அடுப்பில் அப்பளமாக உப்பிற்று. மூன்றாவதில் கருப்புச் சாயம் வெள்ளையில் இழுபட்டுச் சாம்பலாகிவிட்டது. (வெள்ளையை முதலில் தொட வேண்டும், நடுவில் குழந்தைகளுக்கான ஈரத்துடைப்பானில் கையைத் துடைக்க வேண்டும். தெரிந்தும் செய்யவில்லை.)

விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடிக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. பூரணத்தை யாராவது வெளியிலிருந்து செருகுவார்களா? மாவைத்தான் அதன்மேல் இழுத்து மூடுகிறோம். முட்டையிலும் அதேதான் நடக்கிறது. வெள்ளை எங்கேயும் வந்து உட்காரவில்லை. கருப்புத் தோல் மேலிருந்து இறங்கி அதை மூடிக்கொண்டே வருகிறது, விளிம்பில் உள்ளே மடிந்தும் போகிறது. மூடாமல் மிஞ்சியதுதான் அந்த அடைப்பு.

அதனால் இப்போது செய்கிற முறை வேறு. நடுவில் கசக்கிய அலுமினியத் தாள், அதன்மேல் முழுக்க வெள்ளை. கருப்பை 2 மி.மீ. தகடாகத் தேய்த்து, தலையில் தொப்பி போலப் போட்டு, கட்டைவிரலால் சுற்றிச் சுற்றிக் கீழே இறக்க வேண்டும். ஓட்டை ஒரு செ.மீ. அளவுக்கு வந்ததும் நிறுத்தி, உருண்டையைப் பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறேன், இல்லாவிட்டால் விரல் ரேகை பதியும். பிறகு குண்டுமுனைக் கருவியால் விளிம்பை உள்பக்கமாக மடித்துவிட வேண்டும். இந்த மடிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. மடிக்காமல் விட்டால் விளிம்பு மெலிந்து அடுப்பில் வெடிக்கும். நாலாவது அப்படித்தான் போயிற்று. மடித்தால் விளிம்பு இரட்டைக் கனமாகி உதடு மாதிரி திரண்டு நிற்கிறது. நிஜக் கருவிலும் அந்த இடத்துக்கு உதடு என்றுதான் பெயர்.

களிமண் பற்றி ஒரு புலம்பல். வழக்கமாக வாங்கும் இடத்தில் இந்த முறை வந்த வெள்ளை, வெண்ணெய் மாதிரி குழைந்தது. வெயிலில் கிடந்த சரக்கு போல. வெறும் காகிதத்தில் பரப்பி மேலே கனம் வைத்து, ஒரு ராத்திரி எண்ணெய்ப்பசை இழுக்கவிட்ட பிறகுதான் கைக்கு அடங்கியது. திருப்பி அனுப்பக் கேட்டேன், பிரித்த பொட்டலத்தை எடுக்க மாட்டார்களாம்.

பன்னிரண்டு கட்டங்களில் இன்னும் ஐந்து உருண்டைகள் பாக்கி. அடுத்தது ஓட்டை சுருங்கி வெறும் கீறலாகும் கட்டம், அப்புறம் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்பு மடிப்புகள். ஆனால் மனசு இப்போதே குகைக்குள் ஓடிவிட்டது. ருஸ்கோனி 1819இல் கான்ஃபிலியாக்கி என்பவரோடு சேர்ந்து புரோட்டியஸ் என்ற சாலமாண்டர் வகைப் பிராணி பற்றி எழுதிய நூலைக் குறித்துப் படித்ததிலிருந்து அந்தப் பிராணிமேல் ஒரு கிறுக்கு. இன்றைய ஸ்லோவேனியாவின் சுண்ணாம்புக் குகை நீரில் வாழ்வது. வெளிறிய உடம்பு, தோலுக்கடியில் மறைந்துபோன கண், முன்காலில் மூன்று விரல், பின்காலில் இரண்டு, ஆயுளுக்கும் உதிராத செவுள் குஞ்சங்கள். ஒளி ஊடுருவும் களிமண்ணில் துளி சிவப்பு கலந்தால் அந்தச் சதை நிறம் வருமா என்று ஒரு துண்டு சுட்டுப் பார்த்தேன். ரொம்பச் சிவந்துவிட்டது, இறால் மாதிரி. உள்ளே வைக்கக் கம்பியும் வாங்கியாகிவிட்டது, 25 செ.மீ. நறுக்கி வைத்திருக்கிறேன். இந்த ஐந்தையும் முடிக்காமல் அதைத் தொடுவதில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், செவுளுக்குச் சிவப்பு நூல் மட்டும் நேற்றே கம்பியில் சுற்றிப் பார்த்தாயிற்று.