இந்த முறை குணம் பார்த்துதான் சேவல்
கொண்டையையும் செவலை நிறத்தையும் பார்த்துப் போன வருடம் ஒரு சேவலை இனப்பெருக்கத்துக்கு விட்டேன். முட்டை எடுக்கக் குனிந்த அம்மாவின் கெண்டைக்காலைத் தன் கால் முள்ளால் கீறிவிட்டது, பெட்டைகளுக்கு முதுகில் இறகே மிஞ்சவில்லை. அந்த முரட்டுக் குணம் குஞ்சுகளுக்கும் இறங்கலாம் என்பதால் இந்த முறை 3 மாதம் பொறுத்துப் பார்த்தேன். கம்பு இறைத்தால் தான் கொத்தாமல் கொக் கொக் என்று பெட்டைகளைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கி நிற்கும், பருந்து நிழல் தெரிந்தால் முதலில் குரல் கொடுக்கும், நான் போனால் நகர்ந்து வழிவிடும் கீரி நிறச் சேவல்தான் இனி. 9 பெட்டைக்கு இது ஒன்று போதும். பழையதைப் பிரித்தாயிற்று, ஆனாலும் அதன் விந்து பெட்டைக்குள் 2, 3 வாரம் தங்கும், அதுவரை முட்டையெல்லாம் சமையலுக்குத்தான், அப்புறம்தான் குஞ்சு பொரிக்க அடை வைப்பது. வெள்ளைப் பெட்டை இப்போதே கூடையைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது!