ஒண்ணாம் நம்பர் பிளாட்பாரச் சுவர்

திருப்பூர் வட்டாரத்து ரயில் நிலையம் ஒன்றுக்குச் சுவர் ஓவியம் வரையக் கூப்பிட்டபோது எங்கள் கையில் தந்த மாதிரியில் கோபுரம், பரதநாட்டியம், மயில் எல்லாம் இருந்தன. எந்த ஊர் நிலையத்துக்கும் பொருந்துகிற படம். எனக்கு அதுதான் உறுத்தியது. பலமுறை பேசி, மயில் இருந்த இடத்துக்குக் காங்கேயம் மாட்டையும் நாட்டியம் இருந்த இடத்துக்குப் பனியன் கம்பெனியையும் கொண்டுவந்தோம். 1932-ல் தடியடி பட்டும் கொடியை விடாமல் உயிர்விட்ட குமரனுக்கு இடம் கேட்டபோது மட்டும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

சுண்ணாம்பைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்துக் கட்டம் போடும்வரை யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி. அதனால் சாரத்தை விளிம்புப் பக்கம் நகர்த்தக் கூடாது. வண்டி வந்தால் இறங்கி நிற்க வேண்டும். அப்படி இறங்கி நின்ற நேரங்களில்தான் ஜனங்கள் பக்கத்தில் வந்து பேச ஆரம்பித்தார்கள்.

தாராபுரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், சாம்பல் நிற மயிலை மாட்டை ஒட்டி நான் செவலையாக வரைந்திருந்த கன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "கன்னு பொறக்கறப்ப செவலதானுங்க. ஆறு மாசம் போனா நெறம் மாறீரும். தெரிஞ்சுதான் வரைஞ்சிருக்கறீங்க" என்றார். அடுத்து வேலி எங்கே என்று கேட்டார். கிளுவை முள்வேலி இல்லாமல் மாடு மேயும் கொறங்காடு ஏது? கொழுக்கட்டைப் புல்லின் கதிர் காற்றில் எப்படிச் சாயும் என்று விரலை வளைத்துக் காட்டினார். அந்த வளைவு அப்படியே சுவரில் இருக்கிறது.

பனியன் கம்பெனிப் படத்தை முடித்துத் தந்தவர்கள் வேலை முடிந்து ரயிலுக்கு வந்த பெண்கள். துணி ஓரத்தை நறுக்கித் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் கையை எப்படி வைப்பார்கள் என்று கேட்டேன். ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்து, மெஷின் இருப்பதுபோல் கைகளை வைத்துக் காட்டினார். "துணிய இழுக்கக் கூடாதுங்கண்ணா. அது போற போக்குல கை போகோணும்." கத்தி நறுக்கித் தள்ளும் ஓரத் துணி காலடியில் குவிந்து கிடக்கும், அதையும் போடச் சொன்னார். இன்னொருவர், "எங்க லைன்ல ஒடிசாப் புள்ளைக, ஜார்கண்ட் புள்ளைக நெறையப் பேரு. அவங்களும் வரோணுமுங்க" என்றார். வட்டாரப் பண்பாடு என்ற தலைப்புக்கு அது ஒத்துவராது என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. தன்பாத்திலிருந்து வரும் வண்டியில் மூட்டையோடு இறங்கி, இங்கே வாடகை கொடுத்து, இதே தெருக்களில் கறிகாய் வாங்குகிறவர்களை விட்டுவிட்டு இந்த ஊரை எப்படி வரைவது? இரண்டாவது மெஷினில் ஒடிசாப் பெண் ஒருத்தியை உட்கார வைத்தேன்.

அடுத்து ஈரோட்டுப் பக்கம் ஒரு பேருந்து நிலையச் சுவர் பேச்சில் இருக்கிறது. பவானி ஜமக்காளம் வேண்டுமாம். தறிப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நெய்கிறவர்களோடு பேசிவிட்டுத்தான் மாதிரி வரைவேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கான நாட்களையும் கூலியில் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறேன்.