ஃபேனை அணைக்கச் சொல்லாதீர்கள்

வாய்மொழி வரலாறு பதிய எந்த ரெக்கார்டர் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மைக்கை எங்கே வைக்கப் போகிறீர்கள்? மைக் வாயை விட்டு இருமடங்கு தூரம் போனால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கிவிடும், ஃபேன் சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். செல்லூரில் தறி ஓட்டியவர் வீடானாலும் சரி, குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்தவர்கள் மீது 1920இல் போலீஸ் நடத்திய துப்பாக்கிச்சூட்டைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த பெருங்காமநல்லூர்க்காரர் வீட்டு முற்றமானாலும் சரி, மினி பஸ் ஹாரனும் கோயில் குழாய் ஸ்பீக்கரும் இல்லாத இடமாகப் பார்த்துப் பதிவேன் என்றால் மதுரைப் பக்கம் நீங்கள் எதையும் பதியப் போவதில்லை.

அதனால் என் கணக்கில் முதல் செலவு ஒரு நல்ல காலர் மைக், அடுத்தது காதை முழுக்க மூடும் வயர் ஹெட்போன், மிச்சக் காசில் ரெக்கார்டர். ஜூம் எச்1என் மாதிரி சின்னதே போதும். போனிலும் பதியலாம், ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு. மைக் வாங்கும்போது வயர் நுனியில் சொருகும் பின்னைப் பாருங்கள்: மூன்று கறுப்பு வளையம் இருந்தால் போனுக்கு, இரண்டு இருந்தால் ரெக்கார்டருக்கு. கடைக்காரர் எல்லாம் ஒண்ணுதான் சார் என்பார், ஒண்ணு இல்லை.

சித்திரை வெயிலில் எண்பது வயதுக்காரரிடம் ஃபேனை அணைக்கச் சொல்வது அநியாயம். ரெகுலேட்டரைக் கொஞ்சம் குறைத்து, மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, ரெக்கார்டரில் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ‘லோ கட்’ வசதியை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் உறுமல் பெரும்பாலும் அடங்கிவிடும். டேபிள் ஃபேன் என்றால் காற்று மைக்கில் நேராக அடிக்காமல் திருப்பி வையுங்கள். பாட்டிமாருக்கு மைக்கைக் குத்தும்போது தாலிக்கொடி வந்து உரசாத இடமாகப் பார்க்க வேண்டும், இதை மட்டும் ஹெட்போனில் கேட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். வெற்றிலை இடிக்கிறார்களா, இடிக்கட்டும்.

ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்கும் ஆட்டோ லெவலை அணைத்துவிடுங்கள். அவர் யோசித்து நிறுத்தும் இடத்திலெல்லாம் அது ஃபேன் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். ரெக்கார்டர் மீட்டரில் சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும், ஏனென்றால் நடுவில் ஒரு பாட்டி ஒப்பாரி பாடிக் காட்டுகிறேன் என்று எடுத்துவிட்டால் குரல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது, மீட்டரின் உச்சமான சுழியத்தைத் தொட்டால் ஒலி கிழிந்துவிடும், பிறகு எந்த சாஃப்ட்வேராலும் ஒட்ட முடியாது.

எம்பி3 வேண்டாம், ஒலியைச் சுருக்காத வேவ் ஃபைல், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பழைய டேப்புகளை டிஜிட்டலாக்க ஒலிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசா சொல்லும் குறைந்தபட்ச அளவும் இதேதான். ஸ்டீரியோவில் மணிக்கு ஒரு ஜிபி சொச்சம் ஆகும், 32 ஜிபி கார்டு தாராளம்.

கிளம்பும் முன் புது பேட்டரி, கூட ஒரு செட் உபரி. வயதானவர்கள் உற்சாகம் வந்தால் மதியச் சாப்பாட்டையும் தாண்டிப் பேசுவார்கள். பட்டனை அழுத்தியதும் தேதி, ஊர், பேசுபவர் பெயர், உங்கள் பெயர் நான்கையும் சொல்லிவிட்டு, பதிய அவருக்குச் சம்மதமா என்று கேட்டு அந்தப் பதிலையும் பதிவிலேயே வாங்கிவிடுங்கள். அப்புறம் அரை நிமிடம் யாரும் பேசாமல் அறையின் சத்தத்தை மட்டும் பதியுங்கள், பின்னால் இரைச்சலைக் குறைக்க உதவும். வீடு திரும்பியதும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, திறந்து கேட்டுப் பார்த்த பிறகுதான் கார்டை அழிக்கலாம்.